பேனரை விட்டுப் போனவள்

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சேவுக்கடை வாசலில் தீபாவளிக்குக் கட்டி இன்னும் அவிழ்க்காத பேனரில், தட்டில் அடுக்கியிருந்த லட்டுகளில் உச்சியில் இருந்த ஒன்று மட்டும் எழும்பி, கீழே வந்து, மறுபடி எழும்பத் தொடங்கிய மத்தியானத்தில் சோலைச்செல்வி அதைப் பார்க்கவில்லை. அவள் அங்கிருந்து நாலு கடை தள்ளி, அமுதம் டிஜிட்டல் என்ற பிளெக்ஸ் கடையின் உள்ளறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, திரையில் தான் வரைந்த மஞ்சள் உருண்டை ஏன் அசையாமல் நிற்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரி முடித்த கையோடு வந்து உட்கார்ந்த நாற்காலி அது. அன்றிலிருந்து ஊரில் நடந்த காதணி விழாக்களும் கல்யாணங்களும் சாவுகளும் அவள் விரல் வழியாகத்தான் சுவருக்குப் போயின. கறுத்த மாப்பிள்ளைகளை வெளுப்பாக்கினாள், பனியனோடு படம் கொடுத்தவர்களுக்குக் கோட்டு மாட்டினாள், தாய்மாமன்களை அவரவர் கோபத்தின் அளவுக்குப் பெரிதாக வைத்தாள், செத்தவர்களை மேகத்துக்கு நடுவே நிறுத்தித் தலைக்கு மேலே கண்ணீர் அஞ்சலி என்று எழுதினாள். பேனரின் அடியில் பொடி எழுத்தில் டிசைன் அமுதம் என்று இருக்கும். அவள் பெயர் எங்கும் இருந்ததில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள், இத்தனை முகங்களை வெட்டி ஒட்டியும் ஒன்றுகூடக் கண் இமைக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது அப்படியே நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

கடைக்காரர் தங்கப்பழம் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து வருவார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தூக்குவாளிச் சோற்றை ஒரு கையால் தின்றபடியே, சோலை அந்த நேரத்தில் படங்களை அசைக்கப் படித்தாள். முகம் காட்டாத ஒரு மலையாளத்துக்காரன் இணையத்தில் நடத்திய பாடங்கள்தான் வாத்தியார். பொருள் புறப்படும் இடத்தில் ஒரு குறி, போய்ச்சேரும் இடத்தில் ஒரு குறி. நடுவில் உள்ள வழியைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும். கீஃபிரேம் என்றான் அவன். சோலை அதற்கு ஆணி என்று பேர் வைத்துக்கொண்டாள், இந்தச் சுவரில் ஓர் ஆணி, அந்தச் சுவரில் ஓர் ஆணி, நடுவே கொடிக்கயிறு என்று. கடைசியில் லூப் போட்டால் முடிந்த இடமும் தொடங்கிய இடமும் ஒட்டிக்கொள்ளும், அசைவு ஓயாது. யாரும் கேட்காத வேலைகளாகத் தினம் ஒன்று செய்து பார், கை பழகும் என்றான். யாரும் கேட்காத வேலை என்பதே சோலைக்குப் புதிதாக இருந்தது.

முதல் பாடம், உருண்டை ஒன்று குதிப்பது. ஆணி அடித்தாள், லூப் போட்டாள், ஓட விட்டாள். திரையில் உருண்டை செத்த கண் மாதிரி நின்றது. கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை என்று நினைத்து, டீ வாங்க வெளியே வந்தவள் லட்டைப் பார்த்தாள். உச்சியில் சற்றே தயங்கி, கீழே வரும்போது வேகம் பிடித்து, அடியைத் தொட்ட இடத்தில் கொஞ்சம் நசுங்கி, அவள் அடித்த ஆணிகளின்படி பிசகில்லாமல் குதித்துக்கொண்டிருந்தது அது.

கோவில்பட்டி பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“லட்டு குதிக்குதுக்கா.”

“இந்த வெயிலுக்குக் குதிக்காம என்ன செய்யும். நீ பஸ் வருதா பாரு.”

அடுத்த வாரம் சோலை ழ என்ற எழுத்தை எடுத்துக்கொண்டு, அதன் வாலைச் சுருட்டி விரிக்கப் பழகினாள். திரையில் எழுத்து கல்லாகக் கிடந்தது; ஊரில் பழச்சாறு, பழைய இரும்பு, கீழத்தெரு, எழிலரசி தையலகம் என்று எழுதியிருந்த பேனர்களில் எல்லாம் ழ தன் வாலை மெல்லச் சுருட்டிற்று, விரித்தது, வெயிலில் படுத்த பூனை மாதிரி மறுபடி சுருட்டிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து நாக்கை மடித்துப் பழகின, அந்த வருஷம் சாத்தூரில் யாரும் பழத்தைப் பளம் என்று சொல்லவில்லை. அதற்கு மேல் ஊர் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

ஊர் நினைக்கத் தொடங்கியது செல்லப்பாவால். டீக்கடை ராசகனியின் புருஷன் அவர், ஐப்பசி மழையில் மாரடைத்துப் போனவர். அவருடைய அஞ்சலி பேனர் டீக்கடைக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. தலையை மட்டும் அசைப்பது சுலபம் என்பதால், சோலை அவர் தாடையைச் சற்றே இறக்கி ஏற்றி, நடுவில் ஒரு இமைப்பும் வைத்து லூப் போட்டாள். அன்று சாயங்காலம் பால் கொதித்து அடுப்பில் வழிய வழிய ராசகனி சுவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேனருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

“நம்ம மாலதிய என் தம்பி மகனுக்குக் குடுத்துருவமா?” என்று கேட்டாள்.

செல்லப்பா தலையாட்டினார்.

“உசுரோட இருக்கையில நான் சொன்ன ஒண்ணுக்காவது இப்படி ஆட்டுனீகளா?”

அதற்கும் ஆட்டினார்.

செய்தி இருட்டுவதற்குள் செல்லப்பாவின் தங்கை பாக்கியத்தாய்க்குப் போயிற்று. மாலதியை அவள் தன் மகனுக்கென்று பிறந்த அன்றே சொல்லி வைத்திருந்தவள். மறுநாள் கடைக்கு வந்து, சோலையின் மேசைமேல் அதே போட்டோவை வைத்தாள்.

“எங்க அண்ணன் அங்க தலையாட்டுறது அந்த டீக்கடைப் போக்காளி வாயை அடைக்க. எனக்கு இன்னொரு பேனர் போடு பிள்ள. இதுல வேண்டாம்னு ஆட்டணும்.”

“ஒரே ஆளு ரெண்டு விதமா எப்படி அத்தே?”

“எங்க அண்ணன் எப்பவும் அப்படித்தான்.”

அப்படியே ஆயிற்று. தெருவின் இந்தப் பக்கம் செல்லப்பா சம்மதித்துக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் மறுத்துக்கொண்டிருந்தார், நடுவே மாலதி தலையைக் குனிந்துகொண்டு தையல் வகுப்புக்குப் போய் வந்தாள். நடுவில் நின்று பேச வந்த பெரிய மனிதர்கள் இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து வலித்துப் போனார்கள். பேனர் எப்படி அசைகிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பேனர் முதலில் அசைந்தது என்றுதான் கேட்டார்கள்.

அதன் பிறகு கடையில் கூட்டம். தங்கப்பழம் தன் சீன மெஷினுக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் கட்டினார். மையின் குணம் என்றார், மெஷினின் ராசி என்றார், சாத்தூர் வெயிலின் விசேஷம் என்றார். கவுன்சிலர் தவசிலிங்கம் தன் கும்பிட்ட கைகள் அசையவேண்டும் என்று கேட்டு வாங்கினார். கை சேர்ந்தது, பிரிந்தது, சேர்ந்தது. தள்ளி நின்று பார்த்தவர்கள் அண்ணாச்சி கொசு அடிக்கிறார் என்றார்கள். அவரே நேரில் வந்து நின்றார்.

“கொசு அடிக்கேன்னு சொல்லுறாகளேம்மா.”

“கையைப் பிரிக்காம விட்டா வணக்கம் நின்னுருமே அண்ணாச்சி.”

“நிக்கக்கூடாது,” என்றார் கவுன்சிலர் யோசித்து. “கொசுவே இருக்கட்டும். எதிர்க்கட்சிக்காரனுக்கு மட்டும் அசைச்சிராத.”

ஒரு போலீஸ்காரர் வந்து, பேனர் அனுமதிச் சீட்டில் நீளம் அகலம் போட்டிருக்கிறது, அசைவைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று கேட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

செத்தவர்களுக்காக வந்தவர்கள்தான் அதிகம். அவர்கள் பெரிய அசைவு கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்ளவேண்டும், துண்டால் பிடரியைத் துடைக்கவேண்டும், வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டதுபோல ஒரு பார்வை பார்க்கவேண்டும், அவ்வளவுதான். சோலை செய்து கொடுத்தாள். முதலில் அழுதுகொண்டே வாங்கிப் போனவர்கள் பிறகு சடைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கப்பா இந்தத் தோளில் துண்டு போட மாட்டார், எங்கம்மா இவ்வளவு மெதுவாகத் திரும்ப மாட்டாள். விசேஷம் முடிந்து இறக்கிய பேனர்கள் எல்லா ஊரிலும் போல மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாயின, களத்தில் மிளகாய் வற்றல் காயப்போட விரிப்பாயின. வற்றலுக்கு அடியில் கிடந்து யாரோ ஒருவருடைய தகப்பன் வானத்தைப் பார்த்து இமைத்துக்கொண்டே இருந்தார். வற்றல் அள்ளும் பெண்கள் அவர் கண்மேல் காரம் படாமல் கொஞ்சம் இடம் விட்டுக் காயப்போட்டார்கள். அந்த மட்டுக்கு ஊருக்கு இரக்கம் இருந்தது.

இது எல்லாவற்றுக்கும் நடுவே சோலைக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சென்னையில், விளம்பரப் படங்கள் செய்கிற ஒரு ஸ்டுடியோவில் ஆள் எடுக்கிறார்கள். அசையும் வேலைகளைச் சேர்த்து ஒரு சிறு படமாக அனுப்பவேண்டும். லட்டு, ழ, வைப்பாற்று மணல் பறந்து பறந்து மீனாகிக் கலைகிற ஒன்று என்று தான் செய்த யாரும் கேட்காத வேலைகளில் நல்லவற்றைக் கோத்து அனுப்பினாள். பிரணவ் என்ற பையன் அங்கிருந்து பேசினான்.

“மேடம், கலர் சென்ஸ் அருமை. ஆனா எல்லாம் ஸ்டில்லா இருக்கு. மூவ்மென்ட் எங்க?”

“சாத்தூர்ல இருக்கு,” என்றாள் சோலை.

அவன் சிரித்தான். செல்போனில் எடுத்து அனுப்பச் சொன்னான். அவள் தெருத்தெருவாகப் போய் எடுத்தாள். படத்தில் லட்டு நின்றது, ழ நின்றது, அசையாத செல்லப்பாவுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ராசகனி மட்டும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“அந்த அம்மா நல்லா நடிக்கிறாங்க,” என்றான் பிரணவ். பிறகு மனம் இளகியோ என்னவோ, “நேர்ல வாங்களேன் மேடம். இங்க உக்காந்து செஞ்சு காட்டுங்க. அசைஞ்சா அன்னைக்கே ஜாயின் பண்ணிக்கலாம்,” என்றான்.

போகிறேன் என்று சோலை சொன்ன நாளில்தான், அதுவரை மெஷினின் ராசியாகவும் வெயிலின் விசேஷமாகவும் இருந்தது, திடீரென்று அவள் கையின் வேலையாக ஆயிற்று. நீ போனால் எல்லாம் நின்றுவிடும் என்றார் தங்கப்பழம். ராசகனியும் பாக்கியத்தாயும் ஜென்மப் பகையை மறந்து ஒரே ஆட்டோவில் வந்தார்கள். சோலையின் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. யாரும் திட்டவில்லை. அவரவர் செத்தவர்களின் பேரைச் சொல்லி, மூக்கைச் சிந்தி, முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“என் புருசன ரெண்டாந்தடவ சாகடிச்சிட்டுப் போவியா?” என்று கேட்டாள் ராசகனி.

“நான் என்ன மதினி செய்ய, எனக்கும் ஒரு...”

“உனக்கு என்ன. புருசனா பிள்ளையா.”

சோலையின் அம்மா வள்ளித்தாய் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு மகளிடம் சொன்னாள்: “ஊரு கண்ணீர வாங்கிட்டுப் போற பஸ்ஸு நல்ல இடத்துக்குப் போகாது பிள்ள. அப்புறம் எனக்கும் யாரு இருக்கா.”

சோலை போகவில்லை. அந்த வாரம் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. பிரணவ் இரண்டொரு தடவை பேசிவிட்டு, மாசக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பினான். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஊருக்கு வேண்டியது நானா, என் அசைவா. அசைவுதான் என்றால் அதையே கொடுத்துவிட்டுப் போகலாம். பேனரில் ஒரு சோலை இருக்கட்டும். தோளில் பையோடு நடந்து போகட்டும், லூப் போட்டால் மறுபடி வந்து நிற்பாள், மறுபடி போவாள், மறுபடி வருவாள். ஊர் அவளைப் பார்த்து ஆறிக்கொள்ளும். அந்த மறைவில் நான் பஸ் ஏறிவிடுவேன்.

ராசகனியிடம் செல்போனைக் கொடுத்து, பையை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

“மூஞ்சி முழுசாத் தெரியாம எதுக்குட்டி ஒரு போட்டோ?”

“நடக்கிற மாதிரி வேணும் மதினி.”

ஒரு நீண்ட சாலை, இரண்டு பக்கமும் கரிசல், மேலே நீலம், நடுவே அவள். ஆள் உயரத்துக்கு அச்சடித்து பஸ் ஸ்டாண்டு வாசலில் கட்டச் செய்தாள். அடியில் வழக்கமான பொடி எழுத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, டிசைன் சோலைச்செல்வி என்று போட்டாள். மத்தியானம் தங்கப்பழம் சாப்பிடப் போனதும் உட்கார்ந்தாள். இத்தனை காலம் படித்ததையெல்லாம் அதில் வைத்தாள். குதிகால் முதலில் ஊன்றுவதையும், பையின் கனத்துக்கு இடது தோள் சற்றே இறங்குவதையும், முந்தானை ஒரு நொடி பிந்தி வருவதையும் வைத்தாள். முதல் ஆணியைச் சாலையின் நடுவிலும் கடைசி ஆணியைப் பேனரின் வடக்கு விளிம்புக்கு அப்பாலும் அடித்தாள். லூப் போட விரல் போனபோது செல்போன் அடித்தது.

“ரேஷன்ல பாமாயில் போடுறாகளாம்,” என்றாள் வள்ளித்தாய். “கார்டு எங்கிட்டு வச்ச?”

“அலமாரியில, சேலைக்கு அடியிலம்மா.”

“எந்தச் சேலைக்கு?”

சொல்லி முடித்து, போனை வைத்து, படத்தைச் சேமித்து மூடிவிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்கும் நேரமாகப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். பேனருக்கு முன்னால் கூட்டம் நின்றது. பேனரில் சாலை இருந்தது, கரிசல் இருந்தது, நீலம் இருந்தது. ஆள் இல்லை. அவள் கூட்டத்தின் பின்னால் நின்று, இதோ சாலையின் நடுவில் மறுபடி வந்துவிடுவாள் என்று காத்தாள். வரவில்லை. அப்போதுதான், ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் போட்ட லூப்பைத் தனக்குப் போடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

“போயிட்டா,” என்றாள் ராசகனி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வடக்க பாத்துப் போயிட்டா.”

“விருதுநகர்ல என் மச்சான் பாத்திருக்கான்,” என்றான் ஆட்டோக்காரன் ஒருவன். “கல்யாண மண்டபத்துப் பேனர்ல, பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல குறுக்க நடந்து போனாளாம். திருமங்கலத்துல சிமென்ட்டு விளம்பரத்துல போறாளாம். இந்நேரம் மதுரை தாண்டியிருப்பா.”

“மதினி, நான் இங்கதான் நிக்கேன்,” என்றாள் சோலை.

ராசகனி திரும்பிப் பார்த்தாள். முகத்தை, பையை, மறுபடி முகத்தை.

“நீ யாருத்தா? சோலைக்குச் சொந்தமா? லேசா அவ சாடை இருக்கு.” பிறகு பேனரைப் பார்த்து, “ஆனா அந்த நடை வராது,” என்றாள்.

பஸ் ஏறாமல் அன்றிரவு பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சிலேயே கிடந்து, மறுநாள் காலையில் சோலை சென்னைக்குப் பேசினாள். எடுத்தவன் பிரணவ்தான், குரலில் அத்தனை உற்சாகம்.

“சோலைச்செல்வியா? காலையிலயே வந்து ஜாயின் பண்ணிட்டாங்களே. என்ன ஒரு மூவ்மென்ட். ஆபீஸே நின்னு பாக்குது. நீங்க யாரு பேசுறது?”

சோலை தன் பேரைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அந்தப் பக்கம் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

“அவுக ஊருதான்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஊரில் ஒன்றும் நிற்கவில்லை. லட்டு குதித்தது, ழ வாலைச் சுருட்டியது, கவுன்சிலர் கொசு அடித்தார், செல்லப்பா இந்தப் பக்கம் சரி என்றும் அந்தப் பக்கம் கூடாது என்றும் ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் போயும் ஒன்றும் நிற்கவில்லையே, அப்படியென்றால் அவள் கையில் ஒன்றும் இல்லை, மெஷின்தான் என்று ஊர் மறுபடி முடிவுக்கு வந்தது, இதற்கா அவள் வாசலில் போய் மூக்கைச் சிந்தினோம் என்று கொஞ்சம் வெட்கமும் பட்டது. தங்கப்பழம் காலியாக இருந்த நாற்காலிக்கு ஆள் தேடினார். சோலை போய் நின்றாள்.

“டிசைன் தெரியுமா?”

“தெரியும் அண்ணாச்சி.”

“முந்தி ஒருத்தி இருந்தா. நல்ல வேலைக்காரி, நன்னி இல்லாதவ. அவ அளவுக்கு வேண்டாம், பிழையில்லாம அடிச்சாப் போதும். மத்தியானம் ஷட்டர இறக்கிட்டு வீட்டுல போய்ச் சாப்பிட்டு வா. கம்ப்யூட்டர நோண்டிக்கிட்டு இங்கன உக்காரக்கூடாது.”

சரி என்றாள். சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனாள். வள்ளித்தாய் அந்தப் பேனரைக் கேட்டு வாங்கி வந்து கூடத்துச் சுவரில் அடித்திருந்தாள். வெறும் சாலை கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கிடந்தது. அதற்கு எதிரில் தட்டை வைத்து, சோறு போட்டு, பாமாயிலில் பொரித்த அப்பளம் ஒன்றை ஓரத்தில் வைத்தாள்.

“சாப்பிடுத்தா. அவ அங்க எந்தக் கடையில என்னத்தத் திங்காளோ. சொல்லாம போயிட்டா பாரு. நான் ரேஷன்ல நிக்கேன், இவ போறா.”

“அம்மா, நான்தான்...”

“அம்மான்னு கூப்பிடு, ஒண்ணும் தப்பில்ல. கூப்பிட ஆளில்லாத வீடுதான்.” ரசத்தை ஊற்றிய கரண்டி நடுவில் நின்றது. வள்ளித்தாய் சாலையைப் பார்த்தாள். “ஒருக்கா திரும்பிப் பாத்துட்டுப் போயிருக்கலாம்ல அவ. ஊரே சொல்லுது, தலையத் திருப்பவே இல்லயாம்.”

திரும்பிப் பார்ப்பதற்கு ஆணி அடிக்கவேண்டும் என்று தனக்குத் தோன்றவே இல்லையே என்று சோலை நினைத்தாள். குதிகாலுக்கு அடித்தோம், தோளுக்கு அடித்தோம், முந்தானைக்குக்கூட அடித்தோம். ரசம் தட்டின் விளிம்புக்கு வந்து நின்றது.

“நீயாவது இங்கனயே இருந்துரு பிள்ள,” என்றாள் வள்ளித்தாய்.

சோலை தாடையைச் சற்றே இறக்கித் தலையாட்டினாள். ஒருமுறை இமைத்தாள். அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போன பிறகும், வெறும் சாலையைப் பார்த்தபடி, அதே அளவுக்குத் தாடையை இறக்கி மறுபடி ஒருமுறை தலையாட்டினாள்.